பின் சக்கரத்துச் சத்தமும் ஒரு மீட்டர் குழாயும்

ஒரு நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதில் எனக்கும் எங்கள் மெக்கானிக் அண்ணாச்சிக்கும் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. சண்டை என்று சொல்ல முடியாது. டீக்கடையில் பார்த்தால் காசு கொடுக்க அவர்தான் முந்திக்கொள்வார். ஆனால் எங்கே தொடங்கினாலும் பேச்சு கடைசியில் அந்த நட்டில் போய் நிற்கும். பின் சக்கரத்தின் நடுவே சின்னதாக ஒரு தகர மூடி இருக்கிறதே, அதற்குள் இருக்கும் ஆக்ஸில் நட்டு. ஸ்டெப்னி மாற்றும்போது நாம் கழற்றுகிற வீல் நட்டுகள் வேறு, இது வேறு. சக்கரம், பிரேக் டிரம், டிரம்முக்குள் இருக்கும் பேரிங் எல்லாவற்றையும் ஆக்ஸிலோடு பிடித்து வைத்திருப்பது இந்த ஒற்றை நட்டுதான். பேரிங் கெடும்வரை யாரும் இதைத் தொடுவதில்லை. தொடும் நாளில் அது வர மறுக்கும். கழற்றியதை எல்லாரும் வீரக்கதையாகச் சொல்வார்கள். நானும் கீழே சொல்லத்தான் போகிறேன். ஆனால் எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது கழற்றியது இல்லை, திரும்ப மாட்டியது.

அறுபதுக்கு மேல்

சத்தம் வெள்ளத்துக்குப் பிறகு வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றித் தூத்துக்குடி ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் என்று கணக்குச் சொன்னார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாளாயிற்று. கார் நின்ற இடம் கொஞ்சம் மேடு. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, சீட் நனையவில்லை, சக்கரத்தின் பாதி உயரம் வரைக்கும்தான் நின்றது. பக்கத்து வீட்டு வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது நாங்கள் தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். பிரேக்கை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து ஓட்ட ஆரம்பித்தாயிற்று. மாதங்கள் போயின. ஒருநாள் திருச்செந்தூர் சாலையில் முள்ளக்காடு தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே வண்டி அறுபதைத் தொட்டதும் பின்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. எழுபதில் தடித்தது. எண்பதில் பேச்சை மறைத்தது. வேகத்தைக் குறைத்தால் தானாக அடங்கிவிட்டது.

இப்படிப்பட்ட சத்தத்தில் ஒரு வசதி உண்டு. ஊருக்குள் கேட்காது. ஊருக்குள் நாற்பதுக்கு மேல் யார் போகிறார்கள்? அதனால் தள்ளிப்போட முடியும். தள்ளிப்போட்டுக்கொண்டே ஆளாளுக்குக் கேட்டேன். டயர் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் டயர் என்றார். அலைன்மென்ட் போடுகிறவர் அலைன்மென்ட் என்றார். ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை ஓட்டிப் பார்க்காமலேயே பின்பக்க ஹப் இரண்டும் ஷாக் இரண்டும் மாற்றணும் என்று எஸ்டிமேட்டை நீட்டினார்கள். அவரவர் விற்பது அவரவர் காதில் கேட்கிறது. என் மச்சான் மட்டும் பேரிங் என்றான். அவன் எதையும் விற்கவில்லை, அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது. பின் சீட்டில் உட்கார்ந்து வந்த வீட்டார் எல்லாரும் ஒருமனதாக 'வலப்பக்கம்' என்றார்கள். அந்த ஒருமனது என்னையும் ரொம்ப நாள் வலப்பக்கமே பார்க்க வைத்தது.

அண்ணாச்சி துறைமுகத்துக்கு ஓடும் லாரிகளில் கை பழகியவர். கார் வேலைக்கு வந்தது பிற்பாடு. அவரிடம் வண்டியைக் கொண்டுபோனபோது பேரிங் என்றும் சொல்லவில்லை, டயர் என்றும் சொல்லவில்லை. "நீங்க ஓட்டுங்க தம்பி, நான் பின்னால உக்காருதேன்" என்று ஏறிக்கொண்டார். ஆள் நடமாட்டம் இல்லாத நேர்ச்சாலைக்குப் போனோம். எழுபதில் போகும்போது நியூட்ரலில் தள்ளச் சொன்னார். இன்ஜின் சத்தம் இறங்கியது, முனகல் இறங்கவில்லை. அப்படியென்றால் இது இன்ஜின் சுற்றுவதால் வரும் சத்தம் இல்லை, சக்கரம் சுற்றுவதால் வரும் சத்தம். அடுத்து ஹேண்ட் பிரேக் லிவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே துளி தூக்கச் சொன்னார். பட்டனை விடக் கூடாது, விட்டால் லாக் ஆகிவிடும். பிரேக் ஷூ உரசும் சத்தமாக இருந்தால் அப்போது மாற வேண்டும். மாறவில்லை. பிறகு, அந்தச் சாலையிலேயே வண்டியை மெல்ல இடமும் வலமுமாக வளைத்துப் போகச் சொன்னார். வலப்பக்கம் வளைக்கும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். பாரம் ஏறும் பக்கத்துப் பேரிங் சத்தம் கனக்கும். வலப்பக்கம் வளைத்தபோதுதான் கனத்தது.

"எடதுலா" என்றார். வீட்டில் எல்லாரும் வலது என்கிறார்களே என்றேன். பின் சக்கரம் இரண்டையும் ஒரே ஆக்ஸில் பீம்தான் சேர்த்துப் பிடித்திருக்கிறது, ஒரு பக்கத்து அதிர்வு மறுபக்கம் போகாமல் என்ன செய்யும் என்று கேட்டார். ஹேட்ச்பேக்கில் டிக்கிக்கும் சீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. கனத்த, தாழ்ந்த சத்தம் உள்ளே எல்லாப் பக்கமும் முட்டித் திரும்பும். எங்கிருந்து வருகிறது என்று காது சொல்வதை அங்கே சாட்சியாக வைக்க முடியாது. வளைத்துப் பார்க்கும் சோதனையையும் முழுசாக நம்பக் கூடாது என்று அவரே சொன்னார். பேரிங்குக்குள் பால்ஸ், அதாவது உருண்டைகள், இரண்டு வரிசை. எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, பாரம் குறையும்போது கத்துகிறதும் உண்டாம். ஒரு சோதனை சொல்வதை இன்னொன்று ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

டயரைக் கழிக்க அவர் செய்தது எளிது. உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் தடவினார். தேய்மானம் மேடும் பள்ளமுமாக இருந்தால் ஒரு திசையில் வழுக்கும், மறுதிசையில் கையைப் பிடிக்கும். கொஞ்சம் பிடித்தது. ஆகவே டயர் கடைக்காரரையும் முழுக்கத் தள்ள முடியவில்லை. முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினோம். டயர் சத்தமாக இருந்தால் டயரோடு முன்னால் வந்திருக்க வேண்டும். சத்தம் பின்னாலேயே இருந்தது. இன்னொன்றும் கவனித்தோம். டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். புதுத் தார் போட்ட இடத்தில் அமுங்கும், சொரசொரப்பான இடத்தில் எழும். இது எந்தச் சாலையிலும் ஒரே சுருதியில் இருந்தது.

பட்டறைக்கு வந்து முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அண்ணாச்சி அந்த விஷயத்தில் கெட்டி. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். இரண்டு பக்கமும் ஆட்டம் இல்லை. ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று என்று சொல்லலாம். ஆட்டம் இல்லாததால் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பலர் இந்த இடத்தில்தான் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மறுகையைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வைத்தார். வலப்பக்கம் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் சுழற்றிவிட்டு என் கையைப் பிடித்து ஸ்பிரிங்கில் வைத்தார். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. விரலில் இருந்தது. ரவையை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு நறநறப்பு, சக்கரம் நிற்கும்வரை.

"இது தண்ணி குடிச்ச பேரிங்கு" என்றார். நான் வெள்ளத்தைப் பற்றி அதுவரை அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வருஷத்துக்கப்புறம் அவர் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பாதி அப்படித்தான்.

கழற்றிய கதை

உப்புக் காற்று ஊரில் இரும்பு வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி ஒரு மரியாதை இருக்கும். துரு என்பது இரும்பு கரைந்து போவது மட்டும் இல்லை, பெருகுவதும்தான். இரும்பு துருவாகும்போது பழைய இடத்தைப் போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். நட்டுக்கும் ஆக்ஸில் மேல் திருகு வெட்டிய மரைக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடைவெளியில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேக்டரியில் 175 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய நட்டு அது. திருப்பும் விசைக்கான அளவு இது. என் வண்டியின் மேனுவலில் இருக்கிற அளவு அதுதான். அதற்கு மேல் வருஷக்கணக்கில் துரு தன் பங்குக்கு இறுக்கியிருக்கிறது. கடலோரத்து உப்பு அந்த வேலையை வேகப்படுத்தும், வெள்ளம் முடித்து வைக்கும்.

தகர மூடியைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றியதும் நட்டு தெரிந்தது. அதன் விளிம்பில் மெல்லிய கழுத்து ஒன்று இருக்கும். இறுக்கி முடித்தபின் அந்தக் கழுத்தை ஆக்ஸிலில் இருக்கும் காடிக்குள் உளியால் அடித்து மடக்கிவிடுவார்கள். நட்டு தானாகக் கழலாமல் இருக்க அதுதான் பூட்டு. கழற்றும்போது முதல் வேலை அந்த மடிப்பை நிமிர்த்துவது. அவசரக்காரர்கள் அதை நிமிர்த்தாமலே கம்பியைப் போட்டுத் திருப்புவார்கள். நட்டு வரும், வரும் வழியெல்லாம் மரையை உழுதுகொண்டு வரும். அண்ணாச்சி சின்ன உளியை வைத்து, மரையில் படாமல் தட்டித் தட்டி நிமிர்த்தினார். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரிந்த மரையைத் தேய்த்தார். துரு இளக்கும் எண்ணெயை முதல் நாள் சாயங்காலமே விட்டு வைத்தாயிற்று, கொஞ்சமாக, துணியால் சுற்றி அடைத்துக்கொண்டு. அந்த எண்ணெய் வழிந்து பிரேக் லைனிங்கில் பட்டால் ஷூவையும் மாற்ற வேண்டியிருக்கும். எவ்வளவு விட்டோம் என்பதைவிட எவ்வளவு நேரம் ஊறவிட்டோம் என்பதுதான் பலன் தரும். இதை எத்தனை தடவை சொன்னாலும் கேனை வைத்துக்கொண்டு குளிப்பாட்டுகிறவர்கள் குளிப்பாட்டத்தான் செய்கிறார்கள்.

அடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் இந்த நட்டை நெம்பினால் வண்டி ஆள் மேல் வரும். சக்கரத்தை மாட்டி, நடு மூடி இல்லாமல், ஓட்டை வழியாகச் சாக்கெட்டை விட்டு, டயர் தரையில் பதிந்திருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, பையன் ஒருத்தனைப் பிரேக் பெடலில் உட்கார வைத்து நெம்ப வேண்டும். சாக்கெட் ஆறு பட்டை உள்ளதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு பல் உள்ளதைப் போட்டால் நட்டின் மூலைகள் மழுங்கி, அப்புறம் எந்தச் சாக்கெட்டும் பிடிக்காது. மரை எந்தப் பக்கம் என்பதையும் ஒரு கணம் பார்த்துக்கொண்டார். இப்போதைய கார்களில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலது மரைதான், ஆனாலும் சில பழைய வண்டிகளில் ஒரு பக்கம் இடது மரை வரும். கழற்றுவதாக நினைத்துக்கொண்டு அரை மணி நேரம் இறுக்கியவர்கள் உண்டு.

சாக்கெட்டைத் திருப்பும் அரை இஞ்சு டிரைவ் கம்பியை அவர் எடுக்கவே இல்லை. முறிந்த துண்டுகள் அந்தப் பட்டறை மூலையில் கிடக்கின்றன. லாரி வேலைக்கு வைத்திருக்கும் முக்கால் இஞ்சு கம்பியை மாட்டி, அதன் மேல் ஒரு மீட்டர் ஜிஐ பைப்பைச் செருகினார். பெரிய வித்தை இல்லை, கணக்குதான். 70 கிலோ ஆள் ஒரு மீட்டர் குழாயின் நுனியில் தன் பாரத்தை முழுக்கக் கொடுத்தால் 690 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வரும். மேனுவல் சொல்லும் இறுக்கத்தைப் போல நாலு மடங்கு. பக்கத்து லாரி டயர் கடையில் ஏர் கன் இருக்கிறதே, வாங்கி வரட்டுமா என்றேன். "கன்னு அடிச்சா நட்டு வந்துரும். மரையும் கூட வந்தா என்ன செய்ய?" என்றார். குழாயில் இழுத்தால் நட்டு நகர்கிறதா, முறுகுகிறதா என்று கைக்குத் தெரியும். கன்னில் அது தெரியாது. அவர் சொன்ன இந்தக் காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை வைத்துத்தான் நான் அவரோடு வாதாடினேன்.

முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன இழுப்பு. அப்புறம் கழற்றும் பக்கம், பாரத்தை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போனார். குழாய் வளைந்தது. ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிட்டு, கம்பியின் தலையில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஏற்றினார். டமார் என்று ஒரு சத்தம். எனக்குச் சாக்கெட்தான் போயிற்று என்று தோன்றியது. அண்ணாச்சி குழாயை விடவில்லை. கொஞ்சம் நகர்த்தி, திரும்ப உள்ளே விட்டு, திரும்ப நகர்த்தி, துருத்தூள் உதிர உதிர முன்னும் பின்னுமாகக் கொண்டுவந்தார். அப்படியும் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சூடு வைக்கலாம், ஆனால் பக்கத்திலேயே வீல் சிலிண்டரின் ரப்பரும் பிரேக் ஆயிலும் இருக்கிறது. அதைவிட நட்டின் ஒரு பட்டையைக் கிரைண்டரால் மரைக்கு மயிரிழை முன்வரை அறுத்து, உளியை வைத்துப் பிளந்துவிடுவதே மேல் என்றார். நட்டுதானே போகும், மரையுள்ள ஆக்ஸில் முனை பிழைத்துக்கொள்ளும். எப்படியும் அந்த நட்டைத் திரும்பப் போடக் கூடாது. மடக்கி நிமிர்த்திய கழுத்து இன்னொரு முறை பூட்டாது.

இந்த வேலையில் நமக்கு வாய்த்ததெல்லாம் சின்ன நட்டு. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின் ஆக்ஸில் நட்டு 36 மில்லிமீட்டர். அதை இறுக்க 217 பவுண்டு-அடி, அதாவது 294 நியூட்டன் மீட்டர். அந்தக் காரை வைத்திருந்தவர்கள் உலகத்தில் எங்கே இருந்தாலும் அவர்கள் வீட்டில் ஒரு நீளக் குழாய் இருக்கும்.

லேத் பட்டறையில்

டிரம்மைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. பேரிங்கை இடத்தில் பிடித்திருக்கும் வளையமான சர்க்கிளிப்பை எடுத்துவிட்டுப் பழைய பேரிங்கை அமுக்கி வெளியே தள்ளினார்கள். புது பேரிங்கை ஏற்றும்போது அதன் வெளி வளையத்தில் மட்டும் அமுக்க வேண்டும். உள் வளையத்தில் அமுக்கினால் அந்த பாரம் முழுக்கப் பால்ஸ் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும். புது பேரிங் மாட்டிய மறுநாளே சத்தம் வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற பட்டறைகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பழையதைத் தூக்கிப் போட மனமில்லாமல் அறுத்துக் காட்டச் சொன்னேன். உள்ளே கிரீஸ் பழுப்பு நிறத்தில், தண்ணீர் கலந்து பால் திரிந்தாற்போல் இருந்தது. துடைத்துவிட்டுத் தடத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளப்பாக இருந்தது. இன்னொரு பக்கம், அடிப்பாகமாக நின்ற பக்கமாக இருக்க வேண்டும், சமமான இடைவெளி விட்டு வரிசையாகத் துருத் தழும்புகள். பால்ஸ் நின்ற இடங்கள். வண்டி தண்ணீரில் அசையாமல் நின்ற நாட்களில், பாலும் தடமும் ஒட்டும் அந்த நுனி இடுக்கில் ஈரம் தங்கி, அங்கே மட்டும் அரித்திருக்கிறது. அதற்கப்புறம் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரிலும் பால்ஸ் அந்தத் தழும்புகளின் மேல் ஏறி இறங்கித் தடத்தைப் பெயர்த்திருக்கின்றன. மழை டிசம்பரில், சத்தம் மாதங்கள் கழித்து. நடுவில் அந்தக் கணக்கு இந்தச் சின்ன வளையத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

175

இனி வழக்குக்கு வருகிறேன். டிரம்மை ஆக்ஸிலில் ஏற்றி, புது நட்டைக் கையால் ஓட்டி, அண்ணாச்சி அதே குழாயை எடுத்தார். வைத்த அளவு வந்ததும் கிளிக் என்று சொல்லும் என் டார்க் ரெஞ்சை நான் நீட்டினேன். அவர் சிரித்தார். "முப்பது வருஷமா கைதான் தம்பி. எந்த வண்டியாச்சும் சக்கரம் கழண்டு நின்னுருக்கா?" என்றார். நின்றதில்லை. அது எனக்கும் தெரியும்.

எனக்கே இதில் ஒரு சங்கடம் இருந்தது. அதற்கு முன்னால் அவர் கையைத்தான் முழுசாக நம்பினேன். ஸ்கேனர் வைத்திருந்த சர்வீஸ் சென்டரை விட்டுவிட்டு, ஸ்பிரிங்கின் மேல் வைத்த அந்த ஐந்து விரலை நம்பித்தான் இடப்பக்கம் என்று முடிவு செய்தோம். அதே கை நட்டை இறுக்கும்போது மட்டும் நம்பக் கூடாததாக எப்படிப் போகும்? படித்தவன் திமிர் என்று அவர் நினைத்திருந்தால் தப்பில்லை. குழாயைப் பிடித்தபடியே அவர் நின்றார், ரெஞ்சைப் பிடித்தபடியே நான் நின்றேன், பெடலில் உட்கார்ந்திருந்த பையன் இரண்டு பேரையும் பார்த்தான்.

அப்போது நான் சொன்னது அரைகுறை. பிறகு யோசித்துத் தெளிந்தது இது. அண்ணாச்சி கை பழகியது லாரி ஹப்பில். லாரியிலும் பழைய ஜீப்பிலும் சக்கர பேரிங் கூம்பு வடிவ ரோலர். அதற்கு நட்டை இறுக்கிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள். சுற்ற மறுக்கும் இடம் வந்ததும் கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்தி, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் நிற்கும் இடத்தில் பூட்டுவார்கள். அங்கே கைதான் அளவுகோல். அதிகம் இறுக்கினால் சக்கரம் அப்போதே சொல்லிவிடும், குறைத்தால் ஆட்டம் அப்போதே தெரிந்துவிடும். கை தவறும், உடனே பதில் கிடைக்கும், கை திருத்திக்கொள்ளும். ஆயிரம் சக்கரத்துக்கு அப்புறம் அது தவறாத கையாகிவிடும். ஸ்பிரிங்கின் மேல் வைக்கும் கையும் அப்படித்தான். பேரிங்கை அறுத்துப் பார்த்ததும் சொன்னது சரியா தவறா என்று தெரிந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் காரின் பேரிங் வேறு ஜாதி. இரண்டு வரிசை பால்ஸ், இரண்டு துண்டாக உள் வளையம். அந்த இரண்டு துண்டையும் நெருக்கிச் சேர்த்துப் பிடிப்பது நட்டு. உள்ளே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பதை பேரிங் செய்கிறவர்களே அரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நட்டு முழு விசையோடு நெருக்கினால்தான் அந்த இடைவெளி வரும். இதில் 100க்கு இறுக்கினாலும் 175க்கு இறுக்கினாலும் 250க்கு இறுக்கினாலும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் ஒரே மாதிரிதான் சுற்றும். கைக்கு ஒன்றும் தெரியாது. குறைவாக இறுக்கியிருந்தால் உள் வளையம் மெல்ல நழுவித் தேயும், ஆட்டம் வரும், ஆனால் அது எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, வேறொரு ஊரில், வேறொரு பட்டறையில் தெரியவரும். அங்கே இருக்கிறவர் பேரிங் மட்டம் என்று சொல்லி மாற்றிப் போடுவார். அண்ணாச்சிக்கு அந்தச் செய்தி வந்து சேராது. முப்பது வருஷம் அல்ல, அறுபது வருஷம் இறுக்கினாலும் பதில் சொல்லாத வேலையில் கை எதைக் கற்றுக்கொள்ளும்? ஏர் கன்னை அவர் மறுத்ததும் இதே காரணத்துக்குத்தான், கைக்கு எதுவும் தெரியாது என்று.

இதை நான் ஏதோ வெற்றிபோலச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அண்ணாச்சி அன்றைக்கே ஒரு பதில் கேள்வி போட்டார், அதில் நான் தடுமாறிவிட்டேன். அவர் குழாயால் இறுக்கி முடித்துவிட்டு, இப்போ வச்சுப் பாருங்க உங்க கம்பிய, என்றார். 175ல் வைத்து இழுத்தேன், நட்டு அசையாமலே கிளிக் என்றது. 200ல் வைத்தேன், அப்போதும் அசையாமல் கிளிக். அதிகமாக இறுக்கிவிட்டீர்கள் என்றேன். அதெப்படிச் சொல்ல முடியும், நின்ற நட்டைத் திரும்ப அசைக்க எப்போதும் கூட பலம் வேண்டுமே என்றார். உண்மைதான். நிற்கிற நட்டை அசைத்துப் பார்த்து, இறுக்கியபோது என்ன அளவு இருந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. பிறகு இன்னொன்று கேட்டார். "நீங்க அளக்கது இறுக்கத்தையா, துருவையா?"

அந்தக் கேள்வி நியாயமானது. டார்க் ரெஞ்ச் அளப்பது திருப்பும் விசையை. நட்டு உண்மையில் எவ்வளவு நெருக்குகிறது என்பதை அது பார்ப்பதில்லை. நாம் கொடுக்கும் திருப்பு விசையில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உராய்விலேயே போய்விடும், மிச்சம்தான் நெருக்கும். மரையில் துரு இருந்தால் உராய்வு இன்னும் கூடி, நட்டு சரியாக நெருக்குவதற்கு முன்பே ரெஞ்ச் 175 என்று கிளிக் அடித்துவிடும். மரையில் எண்ணெய் இருந்தால் அதே 175ல் தேவைக்கு மேல் நெருக்கிவிடும். ஆக அந்த எண்ணுக்கு அர்த்தம் வர வேண்டுமென்றால் மரை முதலில் சுத்தமாக இருக்க வேண்டும். நட்டு விரலால் கடைசிவரை ஓட வேண்டும். என் ரெஞ்சுக்கு முன்னால் அரை மணி நேரம் கம்பி பிரஷ்ஷோடு உட்கார்ந்து அந்த மரையைத் தேய்த்துத் துடைத்து, ஊறவிட்ட எண்ணெயை எல்லாம் எடுத்து, நட்டை விரலால் ஓட்டிப் பார்த்தவர் அவர்தான். என் எண் அவர் கையின் மேல் நின்றுகொண்டிருந்தது.

கடைசியில், கழுத்தை இன்னும் மடக்கியிருக்கவில்லை என்பதால், நட்டை முழுக்கத் தளர்த்தி, 175க்கு வைத்து ஒரே இழுப்பில் நானே இறுக்கினேன். அவர் உளியை வைத்துக் கழுத்தைக் காடிக்குள் மடக்கினார். உளியடியில் எனக்கு வேலை இல்லை. அதற்கு எண்ணும் கிடையாது. அன்று மாலை ஆத்தூர் பாலம் வரை ஓட்டிப் போனோம். எண்பதில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், மேடு பள்ளத் தேய்மானம் இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று.

இப்போது மிச்சம் வலப்பக்கம். இரண்டு சக்கரமும் ஒரே தண்ணீரில்தான் நின்றன, அதையும் மாற்றிவிடுவோம் என்கிறார் அவர். கை வைத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லையே, உங்கள் கைதானே அது என்கிறேன் நான். மரை இன்னும் இறுகுவதற்கு முன்னால் நட்டையாவது ஒருமுறை கழற்றிப் பூட்டலாம் என்று ஒரு நடுவழி சொன்னார். அதுவும் சும்மா செய்யும் வேலை இல்லை. அந்த நட்டைத் தொட்டால் புது நட்டு வேண்டும், மடக்கிய கழுத்து திரும்ப உதவாது. வாங்கி டாஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் செய்ய வேண்டும். யார் இறுக்குவது என்று இன்னும் பேசவில்லை.